ஜூன் மாதமும் ஆஸ்கர் ராபர்ட்சனும்

ஜூன் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு டிரான்ஸ்ஃபர் பேச்சு ஓடும். ஒன்று என்னுடையது. வங்கி உத்தியோகத்தில் இருபது வருஷம், ஆறு ஊர். "இந்தத் தடவை எங்கேடா தூக்கிப் போடப் போறான்?" என்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பார். இன்னொன்று பையனுடையது. பத்தாவது படிக்கிறான், அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்துப் பைத்தியம். சீசன் முடிந்த மறுநாளே நண்பனோடு ஆரம்பித்துவிடுவான். யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம், அந்த ஆள் கேட்கிற சம்பளம் இந்த டீமுக்குக் கட்டுப்படியாகுமா என்று ராத்திரி பதினொரு மணி வரை வாக்குவாதம். பயல்கள் பேசுவது ஆட்டமா, இல்லை பாலன்ஸ் ஷீட்டா என்றே புரியாது. பி.காம். படித்தவனுக்கு இது போதாதா, நானும் பழைய கதையைத் தோண்ட ஆரம்பித்தேன்.

இவர்கள் இப்படிச் சண்டை போட முடிவதற்கே ஒரு மனிதர் போட்ட வழக்குதான் காரணமாம். அவர் ஆஸ்கர் ராபர்ட்சன்.

1960களில் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிந்தாலும் அவர் அந்த டீமின் சொத்துதான். டீம் தன்னிஷ்டத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கொள்ளும். வேறு டீம் அவரைத் தொடக்கூடாது. கொடுக்கிற சம்பளத்துக்கு ஆடு, இல்லையென்றால் வீட்டில் இரு. ஆனால் முதலாளி நினைத்தால் உன்னை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்குத் தள்ளிவிடலாம். நமக்காவது ராஜினாமா லெட்டர் என்று ஒன்று இருக்கிறது! 1967ல் ஏ.பி.ஏ. என்று போட்டி லீக் ஒன்று கிளம்பியது. ரிக் பேரி என்ற பெரிய ஸ்டார் அதற்குத் தாவினார். கோர்ட் தடுத்ததால் ஒரு சீசன் முழுக்க ஆடாமல் உட்கார வேண்டியதாயிற்று.

ராபர்ட்சன் சாதாரண ஆள் இல்லை. 1961-62 சீசனில் சராசரி 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட். அப்படி ஒரு சீசனை இன்னொருவர் எட்ட 55 வருஷம் ஆனது. 1964 ஜனவரியில் பாஸ்டனில் ஆல்-ஸ்டார் ஆட்டம், டி.வி.க்காரர்கள் காத்திருக்க, "பென்ஷனுக்கு வாக்குக் கொடுத்தால்தான் வெளியே வருவோம்" என்று ஆட்டக்காரர்கள் டிரஸ்ஸிங் ரூமிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாக்கு கிடைத்தது. அன்றைக்குச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ராபர்ட்சனுக்கே. அடுத்த வருஷம் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். (யூனியன்காரர்கள் வேலை செய்யமாட்டார்கள் என்று சொல்லும் என் மேலாளர் ஒருவருக்கு இதைச் சொல்ல ஆசை.)

போட்டி லீக்கால் சம்பளம் ஏறியது. முதலாளிகள் இரண்டு லீக்கையும் இணைத்துவிடப் பார்த்தார்கள். இணைத்துவிட்டால் போட்டி போய்விடும், சம்பளமும் இறங்கிவிடும். 1970 ஏப்ரலில் ராபர்ட்சனும் 13 பேரும் வழக்குப் போட்டார்கள். இணைப்பு நின்றது. அதே மாதம் சின்சினாட்டி டீம் அவரை மில்வாக்கிக்கு டிரேட் செய்துவிட்டது! அங்கே போய் 1971ல் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார்.

வழக்கு சமரசமானது 1976ல். ராபர்ட்சன் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜெயித்த சுதந்திரத்தில் ஒரு நாள்கூட அவர் ஆடவில்லை. வங்கியிலும் இப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போராடி வாங்கிய சலுகையை அனுபவிப்பது அடுத்த பேட்ச்.

சமரசம் வந்தும் பூட்டு முழுசாகத் திறக்கவில்லை. ஆள் போனால் பழைய டீமுக்கு நஷ்டஈடு, பிறகு 'வேறு டீம் தருவதை நாங்களே தந்து நிறுத்திக்கொள்வோம்' என்ற உரிமை. இங்கேதான் ஜூனியர் பிரிட்ஜ்மன் வருகிறார். 1975 ஜூனில் மில்வாக்கி, கரீம் அப்துல்-ஜப்பாரை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்த நான்கு பேரில் ஒருவர் பிரிட்ஜ்மன். காலேஜ் முடித்து லேக்கர்ஸ் தேர்ந்தெடுத்துச் சில வாரம்தான். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, கொசுறு மாதிரி போய்ச் சேர்ந்தார். அந்தக் கொசுறுதான் பிற்பாடு சங்கத் தலைவர். 1987ல் அவர் பெயரிலேயே அடுத்த வழக்கு. 1988ல் ஒப்பந்தம் முடிந்த மூத்த ஆட்டக்காரர்களுக்கு முழு விடுதலை. முதலில் பயன்படுத்தியவர் டாம் சேம்பர்ஸ், சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்கு. 28 ஆட்டம் ஜெயித்திருந்த ஃபீனிக்ஸ் அடுத்த சீசனில் 55 ஜெயித்தது.

இனி கணக்கு. ஆட்டக்காரர் சம்பளத்துக்கு டீம் வாரியாக உச்சவரம்பு 1984-85ல் வந்தது, 36 லட்சம் டாலர். வருமானத்தில் 53 சதவீதம் ஆட்டக்காரர்களுக்கு என்ற உத்தரவாதத்துக்குப் பதிலாகச் சங்கம் ஒத்துக்கொண்டது. சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க மட்டும் வரம்பைத் தாண்டலாம். லாரி பேர்ட் பெயரில் வழங்கும் விலக்கு அது. வரம்பைத் தாண்டிய டீம்கள் டிரேட் போட்டால் இரண்டு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். நம்ம பற்று-வரவு மாதிரியே! பையன்கள் கால்குலேட்டரோடு சண்டை போடுவது இதனால்தான்.

2016ல் 2,400 கோடி டாலர் டி.வி. ஒப்பந்தம் ஆரம்பிக்க, வரம்பு ஒரே வருஷத்தில் 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்குத் தாவியது. படிப்படியாக ஏற்றலாம் என்று லீக் கேட்டது, சங்கம் மறுத்தது. அந்த வருஷம் 73 ஆட்டம் ஜெயித்த கோல்டன் ஸ்டேட்டுக்கு, கெவின் டுராண்டையும் சேர்த்துக்கொள்ள இடம் கிடைத்தது இதனால்தான். பட்ட பிறகு வந்த புத்தி, இப்போது வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று விதி. 2025-26க்கு 15.46 கோடி.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்பா, ராபர்ட்சன் கேஸ் போட்டாரே, நீங்க ஏன் போடலே?" என்றான். "ஆஃபீசர் வேலைக்குச் சேரும்போதே எங்கே போட்டாலும் போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்டா" என்றேன். "எவ்வளவு வருஷ கான்ட்ராக்ட்?" என்று கேட்டான். அறுபது வயது வரைக்கும் என்றேன். நண்பனுக்குப் போன் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

என் ஆர்டர் இன்னும் வரவில்லை.