பின்பக்கமாக ஓடிய பனி வீடு

1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட் அண்டார்டிகாவில் தன்னந்தனியாக ஒரு குடிலில் தங்கியிருந்தார். அடுப்பும் ஜெனரேட்டரும் கக்கிய கார்பன் மோனாக்சைடு அவர் உயிரைக் குடிக்கப் பார்த்தது. அவரை மீட்க இருட்டிலும் உறைபனியிலும் டிராக்டரில் போன தாமஸ் பவுல்ட்டர், இரண்டு முறை பாதியில் திரும்பி, மூன்றாம் முறைதான் போய்ச் சேர்ந்தார். பட்ட பாடு பவுல்ட்டருக்குள் ஒரு யோசனையைக் கிளப்பியது. வீட்டையே ஓட்டிக்கொண்டு போனால் என்ன?

சிகாகோவில் 1939இல் 'ஸ்நோ குரூசர்' தயாரானது. 55 அடி நீளம். டயர் ஒவ்வொன்றும் 10 அடி உயரம். கூரைமேல் ஒரு குட்டி விமானம். உள்ளே படுக்கையறை, பட்டறை, சமையலறை. புகைப்படம் கழுவும் இருட்டறையும் அந்தச் சமையலறைதான்!

குளிருக்குச் செய்த ஏற்பாடுதான் கெட்டிக்காரத்தனம். டீசல் எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் திரவத்தையே அறைகளுக்குள் சுற்றவிட்டார்கள். வீணாகப் போகவேண்டிய வெப்பம் வீட்டைக் கதகதப்பாக்கியது. தூங்க மெல்லிய போர்வையே போதுமானதாக இருந்தது. சக்கரங்களை மேலே உள்ளிழுத்துக்கொள்ளவும் முடியும். அங்கே எஞ்சின் புகையின் சூடு படுவதால், ரப்பர் விறைத்து வெடிக்காமல் இருக்கும்.

அக்டோபரில் பாஸ்டன் துறைமுகத்துக்குச் சாலை வழியே கிளம்பிய வண்டி, ஒஹாயோவில் பாலத்தைவிட்டு விலகி ஓடையில் இறங்கி மூன்று நாள் கிடந்தது. சகுனம் பார்ப்பவர்கள் அப்போதே திரும்பியிருப்பார்கள்.

1940 ஜனவரியில் அண்டார்டிகா. கப்பலிலிருந்து இறக்கும்போதே மரச் சாய்தளம் முறிந்தது. சேற்று நிலத்துக்கென்று உருவான வழவழ டயர்கள் பனியில் மூன்றடி புதைந்து, நின்ற இடத்திலேயே சுழன்றன. உபரி டயர்களை முன்னால் மாட்டி, பின்சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டியும் பெரிய பலனில்லை. பின்பக்கமாக ஓட்டினால் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. அது போன மிக நீண்ட பயணம் 92 மைல், முழுக்க ரிவர்ஸில்!

பவுல்ட்டர் அந்த ஜனவரியிலேயே ஊர் திரும்பிவிட்டார். ஆல்டன் வேடின் தலைமையில் தங்கியவர்கள் வண்டியை மரத்தாலும் பனியாலும் மூடி, அந்தக் குளிர்காலத்தை அதற்குள்ளேயே கழித்தார்கள்; நில அதிர்வையும் காஸ்மிக் கதிர்களையும் அளந்தார்கள். ஓடத் தெரியாத வண்டி, குடியிருக்க நல்ல வீடாக இருந்தது.

பிறகு போர் வந்தது, பணம் நின்றது. 1958இல் வந்த குழு, பனியில் புதைந்திருந்த வண்டியை ஒரு மூங்கில் கம்பத்தை அடையாளமாக வைத்துத் தோண்டியெடுத்தபோது, உள்ளே காகிதங்களும் பத்திரிகைகளும் சிகரெட்டுகளும் போட்டது போட்டபடி கிடந்தன. 1960களில் அந்தப் பகுதிப் பனித்தட்டு உடைந்து கடலில் மிதந்துபோனது. அதன் பிறகு ஸ்நோ குரூசரை யாரும் பார்க்கவில்லை.