முதலைச் சுவருக்குள் ஒரு சுழி

கேம்பிரிட்ஜில் பழைய காவெண்டிஷ் ஆராய்ச்சிச்சாலையின் முற்றத்துள் நுழைகிறவர் கண்ணில், வளைந்த செங்கற் சுவரிலே நிமிர்ந்தெழுவதுபோற் செதுக்கிய முதலையொன்று தவறாமற் படும். தம் ஆசான் ரதர்போர்டுக்குக் கபிட்ஸா என்னும் ருஷ்ய விஞ்ஞானி அன்போடு இட்ட பெயரே முதலை. கபிட்ஸாவுக்கென்றே கட்டி 1933-ல் திறக்கப்பெற்ற மாண்ட் ஆராய்ச்சிச்சாலையின் சுவரில், எரிக் கில் என்ற சிற்பியைக் கொண்டு அவர் அவ்வுருவை அமைப்பித்தார். மறு ஆண்டு தாய்நாடு சென்றவரைச் சோவியத் அரசாங்கம் திரும்ப விடவில்லை. அவருடைய கருவிகளும் பின்னர் மாஸ்கோ போய்ச் சேர்ந்தன.

பிரிந்த அவ்விரு இடங்களும் 1938 ஜனவரியில் நேச்சர் சஞ்சிகையின் ஒரே இதழில் மீண்டும் சந்தித்தன என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரியளவு குளிர்ந்த திரவ ஹீலியம் மிகக் குறுகிய சந்திலும் உராய்வின்றி ஓடுவதை, மாஸ்கோவிலிருந்து கபிட்ஸாவும் மாண்டிலிருந்து ஆலன், மைஸனர் இருவரும் தனித்தனியே அறிவித்திருந்தார்கள்.

இத்தகைய மீப்பாய்மம், வினாடிக்கு ஏறக்குறைய 60 மீட்டர் வேகம்வரை, வழியிலுள்ள எந்தத் தடையையும் எதிர்ப்பின்றிக் கடக்கும் என்பது லாண்டவ் என்னும் விஞ்ஞானியின் சித்தாந்தம். சோதனையிலோ, அதைவிட மிகக் குறைந்த வேகத்திலேயே எதிர்ப்புத் தலைகாட்டிற்று. காரணம் சுழி. பாலத்தூணைத் தாண்டும் ஆற்றுநீர் பெரிதும் சிறிதுமாய் மனம்போனபடி சுழிக்கும். ஹீலியத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. குவாண்டம் இயலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை ஹீலியம் அணுவின் நிறையால் வகுத்தால் வரும் அளவிலோ, அதன் முழு மடங்கிலோதான் அது சுழலக்கூடும் என்று விஞ்ஞானிகளான ஆன்ஸாகர் 1949-லும் ஃபைன்மன் 1955-லும் கூறினார்கள். தடையை விட்டுக் கழன்று போகும் ஒவ்வொரு சுழியும் ஓட்டத்தின் சக்தியில் ஒரு பங்கைக் கொண்டு போகிறது; அந்த நஷ்டமே எதிர்ப்பாகிறது.

ஒற்றைச் சுழியைப் பிடித்து அளந்ததும் முதலைச் சுவருக்குள்தான். திரவ ஹீலியம் நிறைந்த உருளைப் பாத்திரத்தின் நட்டநடுவே மெல்லிய கம்பியொன்றை இழுத்துக் கட்டி, காந்தப் புலத்தின் உதவியால் அதை வீணைத் தந்திபோல் அதிரச் செய்தார் வைனன் என்னும் ஆராய்ச்சியாளர். கம்பியைச் சுற்றித் திரவம் சுழலுமானால், கம்பி அதிரும் தளமும் மெல்ல மெல்லத் திரும்ப வேண்டும். திரும்பிற்று! அந்த நிதானமான திருப்பத்தை அளந்து, கணக்கு உரைத்த அளவே அதிலிருந்து கிடைப்பதை 1961-ல் அவர் வெளியிட்டார். ஒரு கம்பியைக் கொண்டு குவாண்டம் விதியைத் தொட்டறிந்த இச்சோதனைக்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

1966-ல், 32 ஆண்டுகளுக்குப் பின், கபிட்ஸா கேம்பிரிட்ஜ் வந்தார். முதலை அதே சுவரில் இருந்தது.