அப்புத்தளை ஏற்றமும் ஊக்கி மாற்றியும்

பெற்றோல் காரின் எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே, உருக்குக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியே ஊக்கி மாற்றி. கராஜ்களில் இதன் பெயர் ‘கன்வேட்டர்’. சதுர அங்குலத்துக்குப் பெரும்பாலும் 400 அல்லது 600 துளைகள். துளைச் சுவர்களில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகியவற்றின் மெல்லிய பூச்சு. முதல் இரண்டும் காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும் ஒட்சியேற்றுகின்றன. நைதரசன் ஒட்சைட்டுகளை நைதரசனாகத் தாழ்த்துவது பெரும்பாலும் ரோடியத்தின் வேலை. மூன்றும் ஒருசேர நடக்க, ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறைப்படி ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஒட்சிசன் உணரி சொல்லும் தகவலைக் கொண்டு எஞ்சின் கணினி இந்த விகிதத்தைக் காக்கிறது. ஈயம் இந்தப் பூச்சை மூடிக் கெடுத்துவிடும் என்பதால், இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 ஜூனில் கைவிடப்பட்ட பிறகே இக்கருவிக்கு நிலையான வாழ்வு கிடைத்தது.

பெரகலைச் சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் சிறிய கார், வளைவொன்றில் இரண்டாம் கியரில் இழுக்க மாட்டாமல் முதலாம் கியருக்கு இறங்கும்போது, பழி கன்வேட்டர் மீது விழுகிறது. உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டால் வண்டி பறக்கும் என்பது எளிதில் கிடைக்கும் ஆலோசனை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரம். அங்கே வளியமுக்கம் கடலோரத்தில் உள்ளதில் சுமார் 85 வீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று அந்த அளவுக்குக் குறைய, வலுவும் ஏறத்தாழ அதே வீதத்தில் குறைகிறது. கொழும்பில் 47 குதிரைவலு தரும் 800 சிசி அல்ட்டோ அப்புத்தளையில் 40 அல்லது 41 தரும். அடைப்பில்லாத கன்வேட்டரைக் கழற்றுவதால் இத்தகைய எஞ்சினுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு குதிரைவலு அளவே. மலை எடுத்ததைக் கன்வேட்டரிடம் கேட்டுப் பயனில்லை. டர்போ எஞ்சினின் கதை வேறு: சுழலிக்குப் பின்னால் உள்ள தடை குறையும்போது வலு உண்மையாகவே கூடும்.

ஆலோசனை எப்போதும் பற்றற்றதாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார்களின் பழைய கன்வேட்டர், அதிலுள்ள அரிய உலோகங்களுக்காக நல்ல விலை போகிறது.

உண்மையாகவே அடைபடும் கன்வேட்டர்களும் உண்டு. பிளக் ஒன்று பற்றாமல் எரியாத பெற்றோல் உள்ளே போனால், அது கட்டியினுள் எரிந்து வெப்பநிலையை 1,000 பாகைக்கு மேல் ஏற்றும். பீங்கான் உருகித் துளைகள் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் எண்ணெய் குடித்தால் அதிலுள்ள பொசுபரசு பூச்சின் மேல் படியும். கூட்டைக் கைமுட்டியால் தட்டினால் கலகலவென்று ஓசை வருமாயின் கட்டி உடைந்திருக்கிறது. ஓசை இல்லாவிட்டால் கன்வேட்டருக்கு முன்னால் உள்ள ஒட்சிசன் உணரியைக் கழற்றி, அதன் துளையில் அமுக்கமானியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுழலும்போது முள் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தலைத் தாண்டினால் பாதையில் அடைப்பு என்று கொள்வது வழக்கம். பத்து நிமிட வேலை. வெட்டும் கருவியை எடுப்பதற்கு முன் இதைச் செய்யும் இடங்கள் குறைவு. அடைப்பு உறுதியானாலும் அதற்குக் காரணமான எஞ்சின் கோளாற்றைத் தீர்க்காமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகும்.

கட்டியை எடுத்த காரைப் புகைப் பரிசோதனை தடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. 2008இல் தொடங்கிய இப்பரிசோதனையின் சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. ஆனால் பெற்றோல் கார் அங்கே நின்ற இடத்திலேயே, சுமையின்றிச் சோதிக்கப்படுகிறது. அளக்கப்படுவன காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும். எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் வெறும் கூட்டோடும் சில கார்கள் தேறிவிடலாம். நைதரசன் ஒட்சைட்டுகளோ எஞ்சின் சுமையோடு சூடேறும்போதுதான் மிகுதியாக உண்டாகின்றன, அதாவது பெரகலை ஏற்றத்தில். ரோடியம் செய்துவந்த வேலை நின்றுபோனதைச் சான்றிதழ் காட்டாது.

தடையைக் குறைக்க விரும்புவோருக்கு முறையான வழி, மெல்லிய உலோகத் தகட்டாலான கட்டி. சுவர் மெலிவதால் வாயு செல்லும் திறந்த பரப்பு கூடுகிறது. சதுர அங்குலத்துக்கு 100 துளை மட்டுமே உள்ள மலிவான வகைகளில் வாயு தொடும் பரப்பு போதாது. 300 அல்லது 400 துளை உள்ளதே ஈடுகொடுக்கும். பொருத்தும் இடமும் முக்கியம். ஊக்கி 250 முதல் 300 பாகை செல்சியசில்தான் வேலையைத் தொடங்குகிறது. பனிமூட்டக் காலையில் தம்பதென்னையிலிருந்து பட்டணத்துக்கு வரும் கார் தூரத்தின் ஒரு பகுதியைக் குளிர்ந்த கன்வேட்டரோடுதான் கடக்கிறது. ஆகவே புதிய கட்டியை எஞ்சினைவிட்டுத் தள்ளி வைப்பது, கிடைக்கும் சிறு வலுவுக்குப் பெரிய விலை. வெல்லவாய்ப் பக்கம் இறங்கும்போது பெற்றோல் தடைப்பட்டு வெறும் காற்று மட்டுமே கட்டியூடாகப் போய் அதைக் குளிரவைக்கும். குழாயின் வெப்பக் கவசத்தைக் கழற்றிவிட்ட கார்களில் இது இன்னும் விரைவாக நிகழ்கிறது. கன்வேட்டருக்குப் பின்னால் உள்ள ஒட்சிசன் உணரியின் அடியில் நீட்டுத் துண்டு வைத்து எச்சரிக்கை விளக்கை அணைப்பது மாற்றியமைத்தல் அன்று. அதனால் வலுவும் கூடாது, புகையும் குறையாது.