கானோவின் கடலைப் பிரமிடுகள்

வடக்கு நைஜீரியாவின் கானோ நகரத்தை ஒரு காலத்தில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவை கடலை மூட்டைகள். பிரமிடு ஒன்றுக்குச் சுமார் 15,000 சாக்கு என்று வெட்டவெளியில் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருப்பார்கள். அஞ்சல் தலையில்கூட அந்தப் படம் வந்தது. நான் 1970களின் கடைசியில் கானோ மாநிலத்துப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தபோது அந்த அடுக்குகள் மறைந்துகொண்டிருந்தன. பெட்ரோலிய எண்ணெய்ப் பணத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகி, இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் கூட்டங்கூட்டமாகப் போன காலம் அது. திண்டிவனம் பக்கத்தில் கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், அந்தக் கடலை எங்கே போயிற்று என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘விவசாயி பழைய முறையை விடமாட்டேன் என்கிறான், அதுதான் கேடு’ என்பது நகரத்துப் படித்தவர்கள் சொன்ன பதில். வரலாறு சொல்வது வேறு.

கானோவுக்கு ரயில் வந்தது 1911–12இல். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வேண்டும் என்றுதான் ஆங்கிலேயர்கள் அந்தப் பாதையைப் போட்டார்கள். விதை கொடுத்தார்கள், பஞ்சு அரைக்கும் ஆலை வைத்தார்கள். அந்தப் பகுதியின் ஹௌசா விவசாயி கணக்குப் போட்டுப் பார்த்தான். பருத்தியை விற்க முடியாமல் போனால் தின்ன முடியாது. கடலையை விற்கலாம், தின்னலாம், கொடியை மாட்டுக்குப் போடலாம். விலையும் கடலைக்கே கட்டியது. ஹௌசா வியாபாரிகள் உப்பும் துணியும் முன்கூட்டியே கடனாகக் கொடுத்து ஊர் ஊராகக் கடலை பேசி முடித்தார்கள். ரயில் வந்த ஒன்றிரண்டு பருவத்திலேயே நிலையத்தில் குவிந்தது பருத்தி அல்ல, கடலை. ஜான் ஹோகன்டார்ன் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அரசாங்கத்தின் திட்டத்தை மீறி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், லட்சக்கணக்கான சிறு விவசாயிகள் ஓர் ஏற்றுமதிப் பயிரை உருவாக்கினார்கள். இப்படிப்பட்டவர்களைப் பழமைவாதிகள் என்று எப்படிச் சொல்வது?

உடனே ஒரு அடியும் விழுந்தது. 1913இல் மழை பொய்த்து, மறு ஆண்டு வரை நீடித்த பஞ்சத்துக்கு ‘காக்கலபா’ என்று பெயர். அதற்குப் பிறகு கானோ விவசாயி ஒரு விதியைக் கைவிடவில்லை: முதல் மழைக்குக் கம்பு, பிறகுதான் கடலை. இந்த விதி பின்னால் எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்று சொல்கிறேன்.

பிரமிடு என்றாலே அல்ஹாசன் தாந்தாத்தாவின் (1877–1955) பெயர்தான் வரும். கடலை வாங்கி வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்காவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானவர் அவர். இன்றைய தொழிலதிபர் அலிகோ டாங்கோட்டே அவருடைய வம்சம். ஆனால் அந்தப் பிரமிடுகளைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மூட்டை ஏன் மலையாகக் குவிந்தது? லாகோஸ் துறைமுகம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ஒற்றைத் தண்டவாளம், போதாத வண்டிகள். அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும். அதை ஏற்றி அனுப்பவோ மாதக்கணக்காகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தேக்கம் பெரிய தலைவலியாகவே இருந்தது. விளைச்சல் பெருகியதற்கு மட்டுமல்ல, வண்டி வராததற்கும் அந்தப் பிரமிடு சாட்சி.

அடுத்து வந்தது சந்தை வாரியம். 1949இல் கடலைக்கென்று ஒரு வாரியம், 1954இல் அது பிராந்திய அரசின் கைக்கு மாறியது. உலக விலை ஏறும்போது கொஞ்சம் பிடித்துவைத்து, இறங்கும்போது விவசாயிக்குக் கொடுப்போம் என்பது வாக்குறுதி. பிடித்தது நடந்தது, கொடுத்தது குறைவு. சேர்ந்த பணம் சாலைக்கும் ஆலைக்கும் அரசு நிறுவனங்களுக்கும் போயிற்று. நல்ல செலவுகளும் அதில் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது உழுதவனிடம் கேட்காமல் எடுத்த வரி. இத்தனையையும் தாங்கிக்கொண்டு 1960களின் நடுவில் வாரியம் வாங்கிய கடலை ஏறக்குறைய 10 லட்சம் டன்னைத் தொட்டது.

பிறகு 1972–74இல், சஹாராவின் தெற்கு விளிம்பான சாஹேல் பகுதியில் வறட்சி. வீட்டில் விதைக்கு வைத்த கடலையை வறுத்துத் தின்றார்கள். வறட்சி முடிந்து மூச்சுவிடும்போது, 1975இல் ரோசெட் நோய் சுமார் 7 லட்சம் ஹெக்டேர் கடலையை அழித்தது.

அந்த நோயை நான் கண்ணால் பார்த்தது ஒரு மாணவனின் தகப்பனார் நிலத்தில். செடி கணுக்கணுவாக நெருங்கி, இலை சிறுத்து மஞ்சளித்து, ஒரு சாண் உயரம்கூட எழும்பாமல் கொத்தாக உட்கார்ந்திருந்தது. தண்டின் நுனியில், பூவைச் சுற்றிப் பளபளப்பான கறுப்பு அசுவினி. பெரியவர் ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினார். ஊசி மட்டும் இறங்கியிருந்தது, காய் பிடிக்கவில்லை. பக்கத்து வரப்பைத் தாண்டிய நிலம் பச்சையாக இருந்ததைக் காட்டி, “மாலம், அவன் முந்தி விதைச்சான், நெருக்கி விதைச்சான். நான் கம்பை முடிச்சுட்டு வந்தேன், விதையும் பத்தலை” என்றார். ஆசிரியரை அங்கே ‘மாலம்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரியவர் சொன்னதற்கு மேல் விஞ்ஞானத்தில் பெரிதாக எதுவும் இல்லை. நோயைப் பரப்பும் அசுவினி பறந்து வந்து, இடைவெளி விட்ட நிலத்தில்தான் அதிகம் இறங்கும். நிலம் மூடிய நெருக்கமான பயிரில் குறைவு. முந்தி விதைத்த செடி, பூச்சி பெருகுவதற்குள் முதிர்ந்துவிடும். ஆராய்ச்சி நிலையங்களும் வெகுகாலமாக இதையே சொல்லிவந்தன. கேட்கவில்லை என்று விவசாயியைத் திட்டுகிறவர்கள் காக்கலபாவை நினைக்க வேண்டும். குழந்தைகளின் கம்பை முதலில் விதைக்கிற வீட்டில் கடலை பிந்தத்தான் செய்யும். முந்தி விதைக்க வேண்டுமானால் மழைக்கு முன் கையில் விதை இருக்க வேண்டும், உழவுக்கு மாடும் ஆளும் கூடுதலாக வேண்டும். விதையும் ஆளும் இல்லாத இடத்தில் அறிவுரை செல்லாது.

நோயைத் தாங்கும் ரகங்கள் முதலில் வந்தன, ஆனால் அவை முதிர 120 நாளுக்கு மேலாகும். கானோவின் வடக்கே மழை அதுவரை நீடிக்காது. சாரியாவின் சமாரு ஆராய்ச்சி நிலையமும், ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் தலைமையகம் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உழைத்து, குறுகிய காலத்தில் முதிர்ந்து நோயையும் தாங்கும் ‘சாம்நட்’ ரகங்களை வெளியிட்டன. 2010களில் வந்த சாம்நட் 24 மூன்று மாதத்துக்குள் முதிர்ந்துவிடும். தடை விதையைப் பெருக்குவதில்தான். கடலை விதை கனமானது, மெல்லத்தான் பெருகும். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க வேண்டியதில்லை என்பதால் விதைக் கம்பெனிகளுக்கு அதில் ஆசை இல்லை. ஊருக்குள் குழுவாகச் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் நிலம் ஒதுக்கி விதையைப் பெருக்கிக்கொள்வதுதான் நடக்கக்கூடிய வழி. அப்படிச் செய்த ஊர்கள் இருக்கின்றன.

பெட்ரோலிய எண்ணெயின் கதையை நீட்ட வேண்டியதில்லை. 1973–74இல் கச்சா எண்ணெய் விலை ஏறியது, இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், நைஜீரிய நாணயமான நைராவின் மதிப்பு ஏறி ஏற்றுமதி கட்டுப்படியாகாமல் போயிற்று. 1986இல் வாரியங்களையே கலைத்துவிட்டார்கள். சுரண்டல் போயிற்று, கூடவே, குறைந்த விலைக்காவது நிச்சயமாக வாங்க ஓர் ஆள் என்பதும் போயிற்று.

கடலை முற்றாக மறையவில்லை என்றால், அதற்குப் பெண்களே காரணம். கானோ வீடுகளில் பல பெண்கள் ‘குல்லே’ என்ற வழக்கப்படி பகலில் வெளியே வருவதில்லை. முற்றத்துக்குள்ளேயே கடலையை வறுத்து, தோல் புடைத்து, அரைத்து, வெந்நீர் தெளித்துப் பிசைவார்கள். பிசையப் பிசைய எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். வடித்தெடுத்த பின் மிஞ்சிய சக்கையை விரலில் உருட்டி வளையமாக்கி அதே எண்ணெயில் பொரித்தால் ‘குலிகுலி’. தட்டைத் தலையில் வைத்துச் சிறுமிகள் தெருவில் விற்பார்கள். ஏற்றுமதி நின்றபின் கடலைக்கு வாங்குவார் இருந்தது இந்த முற்றங்களில்தான். எந்தப் பிரமிடுப் படத்திலும் இவர்கள் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்று வடமேற்கில் சில பகுதிகளில் ஆயுதக் கும்பலுக்குக் கப்பம் கட்டாமல் நிலத்தில் இறங்க முடிவதில்லை. அது அரசாங்கம் மட்டுமே தீர்க்கக்கூடிய காரியம். மற்றவற்றில் பெரும்பகுதி ஊரின் கைக்கு எட்டும். தோலை உரிக்க எளிதாக இருக்கும் என்று காய்மேல் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் உண்டு. அந்த ஈரத்தில்தான் அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கும் பூஞ்சாணம் வளர்கிறது, சரக்கு துறைமுகத்தில் திரும்பிவிடுகிறது. கையால் சுற்றும் உரிப்பான் ஒன்றைக் குழுவாக வாங்கினால் தண்ணீர் தேவைப்படாது. நைஜீரியாவின் இபாதான் நகரில் உருவான ‘அஃப்ளாசேஃப்’ மருந்தை நிலத்தில் தூவினால் நஞ்சு பெருமளவு குறைகிறது. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பையும் வெளியே சாக்குமாக மூன்றடுக்குப் பை வந்துவிட்டது. காற்றுப் புகாமல் கட்டினால் வண்டு மூச்சுமுட்டிச் சாகும். விதைக்கடலையை மறு மழை வரை காக்கவும், அறுவடை நாளில் அடிமாட்டு விலைக்கு விற்காமல் சில மாதம் பொறுக்கவும் அது போதும்.

2022 ஜனவரியில் தலைநகர் அபுஜாவில் நெல் மூட்டைகளைப் பிரமிடுகளாக அடுக்கி விழா எடுத்தார்கள். பிரமிடு திரும்ப வேண்டும் என்ற ஆசை அங்கே இன்னும் விடவில்லை. என் ஆசை அது அல்ல. லாகோஸிலும் கானோவிலும் வியாபாரம் செய்கிற நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: கடலை வாங்கினால் ஊர்க்குழுவிடம் நேராக வாங்குங்கள், கிண்ணத்தால் அளக்காமல் தராசில் நிறுத்து வாங்குங்கள், நன்றாகக் காய்ந்த சரக்குக்குக் கூடுதல் விலை கொடுங்கள்.