பீப்ஸ் துரையின் சபதம்

புது வருஷம் பிறந்தா எங்க வீட்டுக்கு ஒரு புது டைரி வந்துடும். முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழ சபதங்கள். விடியற்காலையில எழுந்திருக்கணும், நடக்கணும், எண்ணிச் செலவு பண்ணணும். பொங்கல் வரைக்கும் தாங்கினா அதிசயம். அப்புறம் டைரி பால் கணக்கு எழுதப் போயிடும் :-)

இந்த வருஷம் பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்தப்போ ஞாபகத்துக்கு வந்தவர் சாமுவேல் பீப்ஸ். நம்ம புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை ஒரு டைரிக்காரரோட ஒப்பிட்டுச் சொல்வாங்களே, அவரேதான்.

லண்டன் தையற்காரர் ஒருத்தரோட மகன். 1633-ல் பிறந்தவர். 1660 ஜனவரி 1 அன்று டைரி எழுத ஆரம்பித்தார். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் பிறப்பது மார்ச் 25-ல். ஜனவரி 1-க்கு அந்த அந்தஸ்து 1752-லதான் வந்தது. ஆனா ஜனங்களுக்கு அப்பவே ஜனவரி ஒண்ணுதான் புத்தாண்டு.

அந்த வருஷமே கடற்படை வாரியத்தில் நல்ல உத்தியோகம் கிடைத்தது. கையில காசு வந்ததும் ஒயினும் நாடகக் கொட்டகையும் இழுக்க ஆரம்பிச்சுது. 1661 டிசம்பர் 31 அன்று உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார். சொத்து சுமார் 500 பவுண்டு தேறுது. இனி ஒயின் கிடையாது, நாடகமும் கிடையாதுன்னு சத்தியம் எடுத்து, அதை எழுதியும் வெச்சுக்கிட்டார். 1662 ஜனவரி 26 அன்று, குடியை விட்டதுல உடம்பு தேவலை, வேலையில கவனம் கூடியிருக்கு, செலவு குறைஞ்சிருக்கு, வெட்டி அரட்டையில போற நேரமும் மிச்சம்னு சந்தோஷமாக் குறிக்கிறார்.

அப்புறம்? நம்ம கதைதான். சத்தியம் உடையும், மறுபடி எடுப்பார். தவறினால் ஏழைகள் உண்டியலில் அபராதம் போடணும்னு விதி வெச்சார். எழுதிவெச்ச சபதங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் படிப்பார்.

1663 அக்டோபர் 29, லண்டன் மேயர் விருந்து. அங்கே மசாலாவும் சர்க்கரையும் போட்ட ஒயின் ஒண்ணு வருது. குடிச்சுட்டு, "இது கலவை பானம், ஒயின் கணக்குல வராது, தப்பா இருந்தா ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்கிற ரீதியில் எழுதுகிறார். விரதத்தன்னிக்குச் சோறுதானே கூடாதுன்னு ஏழு இட்லியை உள்ளே தள்ளுற ஆளுங்களைப் பார்த்திருப்பீங்கதானே!

ஆனா இவரைச் சும்மா சிரிச்சுட்டு விட முடியலை. 1662 ஜூலையில், 29 வயசுல, கேம்பிரிட்ஜில் படிச்ச மனுஷன், ஒரு கப்பல்காரரிடம் பெருக்கல் வாய்ப்பாடு கத்துக்கறார். காலையில நாலு மணிக்கு எழுந்து உருப்போடறார்! கப்பல் கட்ட வரும் மரத்தை எப்படி அளப்பது, அதில் அரசாங்கத்தை எப்படி ஏமாத்தறாங்க என்பதையும் அடுத்த மாசமே கேட்டுத் தெரிஞ்சுக்கறார். வாய்ப்பாடு தெரியாத அதே ஆள்தான் 1673-ல் கடற்படை நிர்வாகத்தின் செயலாளர். ஒயின் சபதம் ஓட்டை உடைசலா இருந்தாலும், அது மிச்சம் பிடிச்சுக் கொடுத்த விடியற்காலைகள் வீணாகலைன்னுதான் எனக்குத் தோணுது.

கண் போயிடுமோங்கிற பயத்தில் 1669 மே 31-ஓட டைரியை நிறுத்திட்டார். கண் போகவில்லை, 1703 வரை இருந்தார். சுருக்கெழுத்தில் எழுதிய ஆறு தொகுதிகளும் கேம்பிரிட்ஜ் மாக்டலின் கல்லூரி நூலகத்துக்குப் போய், 1825-லதான் முதன்முதலா அச்சாச்சு.

பரண்ல கிடந்த என்னோட பழைய டைரிகளை நேத்து இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் சபதம் இருக்கு. அது எந்தத் தேதியில உடைஞ்சதுன்னு ஒண்ணுலகூட இல்லை. தோத்த அன்னிக்கே எழுதறதை நிறுத்தியிருக்கேன். பீப்ஸ் தோத்த அன்னிக்கும் எழுதினார், அபராதம் கட்டினார், ஞாயித்துக்கிழமை திரும்பவும் படிச்சார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால இந்தத் தடவை ஒரே ஒரு சபதம். எது உடைஞ்சாலும் அன்னிக்கு ராத்திரியே அதை எழுதிடறது. பக்கத்துல ஒரு உண்டியலும் வெச்சாச்சு.

புத்தாண்டு வாழ்த்துகள் மக்களே! உங்க சபதம் என்ன? முக்கியமா, போன வருஷத்துது எந்தத் தேதியில உடைஞ்சுது?