சாதியின் செலவு, சேரியின் கணக்கு

‘எல்லாம் நம்ம வரிப்பணம். அவனுங்களுக்குப் புத்தகம் இலவசம், சோறு இலவசம், ஸ்காலர்ஷிப் வேற. படிப்புச் செலவு ஏறிக்கிட்டே போவுது, யார் கட்டறது?’ திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் பெருமுக்கல் வருவதற்குள் இந்தப் பேச்சு ஒருமுறையாவது காதில் விழுந்துவிடும். பேசுகிறவர் மகனை மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டு, வருஷா வருஷம் ஏறுகிற ஃபீஸைக் கட்டமுடியாமல் திணறுகிறவராக இருப்பார். ஆத்திரம் ஃபீஸ் வாங்குகிறவன்மேல் போவதில்லை, காலனிப் பிள்ளைமேல் வந்து இறங்குகிறது. அரசுப் பள்ளியில் புத்தகமும் சோறும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும்தான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

‘நம்ம வரி’ என்கிற சொல்லில் அந்த ‘நம்ம’ யார்? இதற்குப் பதில் தேட நாம் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பெருமுக்கல் மலைக்கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடக் கணக்கு பார்க்கவேண்டுமானால் இதே விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்துக்குத்தான் போகவேண்டும். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே ஒரு வேதக் கல்லூரி நடந்தது. இளைய மாணவர் 270 பேர், மூத்த மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். செலவுக்கு 45 வேலி நிலம். இளைய மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. ரிக்வேதத்துக்கு இத்தனை பேர், யஜுர்வேதத்துக்கு இத்தனை பேர், இலக்கணத்துக்கு இத்தனை பேர் என்று கல்வெட்டு பிசகில்லாமல் கணக்கு சொல்கிறது. நமது வரலாற்றுப் பேராசிரியர்கள் இதைப் ‘பண்டைத் தமிழரின் கல்விச் சிறப்பு’ என்று பரீட்சைக்கு எழுதவைப்பார்கள். அந்த 45 வேலியில் நாற்று நட்டது யார், சேடை ஓட்டியது யார், கதிரறுத்துக் களம் சேர்த்தது யார் என்பது மட்டும் கணக்கில் வராது. ஆறு நாழி நெல் வாங்கியவனின் வேதம் பதிவாகியிருக்கிறது, அந்த நெல்லை விளைவித்தவரின் பெயர் பதிவாகவில்லை.

அதே நூற்றாண்டில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இன்னொரு சங்கதியைச் சொல்கிறது. வரி விதிக்கப்படாத நிலங்களைப் பட்டியல் போடும்போது ஊர்நத்தம், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று எழுதுகிறது. சேரி வருகிற இடத்தைக் கவனியுங்கள். உழைக்கிற இடமாக அது கணக்கில் வரவில்லை, வரி கட்டாத இடமாக வருகிறது. ‘இவனுங்க என்ன வரி கட்டறானுங்க’ என்ற பேச்சுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஏடு போட்டாயிற்று.

வெள்ளைக்காரன் வந்தபிறகும் ஏட்டின் போக்கு மாறவில்லை. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் வரி கட்டுகிறவர். பண்ணையாளுக்குப் பட்டா கிடையாது. திண்டிவனத்துக்கு வடக்கே செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைபற்றி எழுதிய அறிக்கையே போதும், தரிசு நிலத்தைக்கூடச் சேரிக்காரன் கைக்குப் போகவிடாமல் மிராசுதார்கள் எப்படித் தடுத்தார்கள் என்பதற்கு. நிலத்தீர்வையோடு ரூபாய்க்கு இவ்வளவு என்று போர்டு செஸ் பிடித்தார்கள். அதிலிருந்துதான் தென்னாற்காடு மாதிரி ஜில்லாக்களில் சாலையும் பள்ளிக்கூடமும் வந்தன. செஸ் கட்டியதாக ரசீது வாங்கியவர் பட்டாதார். கட்டுவதற்கான நெல் பண்ணையாளின் முதுகிலிருந்து வந்தது. பின்னால் போர்டுக்கு ஓட்டுப்போடும் உரிமையும் வரி கட்டியவருக்கே கிடைத்தது. ஆக, பள்ளிக்கூடம் எங்கே வைப்பது என்று முடிவெடுத்தது ரசீது வைத்திருந்தவர்.

அவர்கள் எங்கே வைத்தார்கள்? அக்கிரகாரத்தில், கோயில் மண்டபத்தில், ஊர்ச் சாவடியில். சேரிப்பிள்ளை கால் வைக்கமுடியாத இடங்களாகப் பார்த்து வைத்தார்கள். 1919இல் சென்னை அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு இது: பொது நிர்வாகத்திலிருந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. பேர் பொதுப்பள்ளி, பணம் பொதுப்பணம்! அப்படிப்பட்ட பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. பல ஊர்களில் சாதி இந்துக்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஊர்ப்பள்ளியைத் திறந்துவிடுவதற்குப் பதிலாகச் சேரிக்குத் தனிப்பள்ளி. பெரிய சேரிகளில் தனிப்பள்ளி வைக்கலாம் என்ற உத்தரவு 1893இலேயே வந்திருந்தது. 1920க்குப் பிறகு லேபர் டிபார்ட்மெண்ட் அதைப் பெரிய அளவில் செய்தது. லேபர் ஸ்கூல் பின்னால் அரிசனப் பள்ளி ஆயிற்று, அதன்பின் ஆதிதிராவிடர் நலப்பள்ளி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். அந்தப் பள்ளிகளில் படித்துத்தான் நம்மில் பலபேர் கையெழுத்துப் போடக் கற்றோம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் செலவைப் பாருங்கள். கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளி இருக்க, இன்னொரு கட்டடம், இன்னொரு வாத்தியார், இன்னொரு இன்ஸ்பெக்‌ஷன். இந்த இரட்டைச் செலவுக்குக் காரணம் தீண்டாமை. கணக்குப் புத்தகத்திலோ அது ‘ஆதிதிராவிடர் நலன்’ என்ற தலைப்பில் ஏறுகிறது. தன் பிள்ளையின் பக்கத்தில் நம் பிள்ளை உட்காரக்கூடாது என்பதற்காக ஊர் செய்த செலவை நம் பேரில் எழுதிவிட்டு, ‘உங்களுக்கு எவ்வளவு செய்யறோம் பாத்தீங்களா’ என்கிறார்கள்.

1920இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் கல்வி வரி போடலாம், போட்டால் அதற்கு ஈடாக அரசாங்கமும் பணம் தரும். பணமில்லை என்ற பேச்சு அதோடு தீரவில்லை. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றபோதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, இருக்கிற பணத்தில் எல்லோரையும் படிக்கவைக்க முடியாது என்பது. சிக்கனம் என்று வந்தால் யார் பிள்ளை முதலில் மாடு மேய்க்கப் போகும் என்பது தெரிந்த விஷயம். எதிர்ப்பு வலுத்தது, 1954இல் காமராஜர் அதை எடுத்துவிட்டார்.

சரி, பண்ணையாள் நேரடியாக வரியே கட்டவில்லையா? கட்டினார். 1927 மார்ச்சில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் இதைத்தான் எடுத்துவைத்தார். அந்த மாகாணத்தில் கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவு செய்கிறீர்கள், கலால் வரியாகத் தலைக்கு இரண்டு ரூபாய்க்குமேல் பிடுங்குகிறீர்கள், குடியிலிருந்து எடுக்கிற அளவாவது படிப்புக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றார். தலித் மக்களுக்காகச் சலுகை கேட்கிற தொனி அதில் இல்லை. வரி கட்டியவன் கேட்கிற கணக்கு அது.

அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். 2024-25இல் தமிழக அரசு பள்ளிக்கல்வித் துறைக்கு ஒதுக்கியது 44,042 கோடி ரூபாய். அதே ஆண்டு டாஸ்மாக் மூலம் வந்த வரி 48,344 கோடி. அறுப்பு வேலைக்கும் கல்லுடைக்கும் வேலைக்கும் போய்விட்டு வருகிறவர் சாயங்காலம் கடையில் நீட்டுகிற நோட்டு அதில் இருக்கிறது. 2004 முதல் 2015 வரை மத்திய கலால் வரியோடு சேர்த்துக் கல்வி செஸ்ஸும் பிடித்தார்கள். காலனிக்காரர் வாங்கிய சோப்புக்கட்டியின் விலைக்குள் அது இருந்தது. ரசீதுதான் கொடுக்கவில்லை.