கிணறு எத்திசையில் இருந்தது? – ஏஞ்சல் தீவும் மனைவியர் எழுதிய தேர்வும்

அயல்நாட்டில் வாழும் கணவரிடம் சென்று சேர விண்ணப்பித்திருக்கும் பெண்ணின் வீடு, விசா நேர்காணலுக்கு முந்தைய வாரம் ஒரு தேர்வுக்கூடமாகவே மாறிவிடுகிறது. திருமணப் பதிவுச் சான்றிதழும் முகூர்த்தப் புகைப்படங்களும் வரிசையாக அடுக்கப்படுகின்றன. கணவர் பணிபுரியும் நிறுவனத்தின் பெயர், அவர் குடியிருக்கும் வீட்டில் எத்தனை அறைகள், நிச்சயதார்த்தத்திற்கு யார் யார் வந்தனர் என்பவையெல்லாம் மனப்பாடம் செய்யப்படுகின்றன. உண்மையாகவே மணம் புரிந்துகொண்டவர்கள் தம் மணத்தைப் பற்றி ஏன் பாடம் படிக்க வேண்டும்? இக்கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவை அடைகிறோம்.

கணவரைப் பொறுத்தே மனைவி

அமெரிக்கா 1875ஆம் ஆண்டு பேஜ் சட்டத்தை இயற்றியது. பாலியல் தொழிலுக்காகப் பெண்களைக் கொண்டுவருவதைத் தடுப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நடைமுறையிலோ, சீனப் பெண்கள் அனைவரும் ஐயத்திற்கு உரியவர் ஆயினர். ஹாங்காங்கில் கப்பல் ஏறும் முன்பே அமெரிக்கத் தூதரக அதிகாரியின் விசாரணைக்கு அவர்கள் உட்பட வேண்டியிருந்தது. இன்றைய தூதரக நேர்காணலின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

1882இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சீனத் தொழிலாளருக்குக் கதவு அடைபட்டது. வணிகர், ஆசிரியர், மாணவர், பயணி ஆகியோருக்கு மட்டும் திறந்திருந்தது. மனைவியரைப் பற்றிச் சட்டம் தெளிவாக எதுவும் கூறாமையால், அப்பொறுப்பு நீதிமன்றங்களிடம் வந்து சேர்ந்தது. சீனா சென்று மணமுடித்துத் திரும்பிய ஒரு தொழிலாளி தம் மனைவியோடு வந்திறங்கியபோது, தொழிலாளியின் மனைவியும் தொழிலாளியே என 1884இல் கலிபோர்னியாவில் தீர்ப்பாயிற்று. கணவர் நாட்டுக்குள் வரலாம். மனைவி திரும்ப வேண்டும். வணிகரின் மனைவி தனிச் சான்றிதழ் இன்றியே வரலாம் என 1900இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே ஒரு பெண் தன் துணையோடு சேர வேண்டுமாயின், தான் அவருடைய மனைவி என்பதோடு, அவர் வணிகர் என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அவ்வாறு மெய்ப்பிக்கச் சீனரல்லாத இரு சாட்சிகள் தேவை என்று 1893ஆம் ஆண்டுத் திருத்தமொன்று விதித்திருந்தது.

தீயில் பிறந்த மைந்தர்கள்

1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவை உலுக்கிய நிலநடுக்கத்திலும் அதையொட்டி எழுந்த தீயிலும் நகரின் பிறப்புப் பதிவேடுகள் அழிந்தன. தாம் இம்மண்ணிலேயே பிறந்தவர் எனக் கூறிய சீனரை மறுக்க அரசிடம் ஏடு ஏதும் இல்லை. குடிமகனின் பிள்ளையும் குடிமகனே. ஆகவே, சீனா சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் தமக்கு ஒரு மகன் பிறந்ததாகப் பதிவு செய்துவிட்டு, அவ்விடத்தைப் பிறருக்கு விற்றோர் பலர். இவ்வாறு வந்தவர்களையே ‘காகித மைந்தர்கள்’ என வரலாறு குறிக்கிறது.

இதனை அதிகாரிகளும் அறிந்தே இருந்தனர். தாளில் எழுதப்பட்டதை நம்ப இயலாத நிலையில், மனிதரின் நினைவையே சான்றாகக் கொள்ள முற்பட்டனர். ஒரே குடும்பத்தினர் ஒரே செய்தியை ஒரே விதமாகத்தான் நினைவுகூர்வர் என்பது அவர்களுடைய துணிபு. இத்துணிபே நம் கதையின் மையம்.

தீவின் விசாரணைக் கூடம்

ஏஞ்சல் தீவுக் குடிவரவு நிலையம் 1910 ஜனவரி 21 அன்று திறக்கப்பட்டது. கப்பலில் வந்த கணவனும் மனைவியும் அங்கே தனித்தனிக் கூடங்களில் அடைக்கப்பட்டனர். அனுமதி கிட்டும் வரை ஒருவரை ஒருவர் காண இயலாது. விசாரணைக் குழுவில் அதிகாரிகளோடு சுருக்கெழுத்தரும் மொழிபெயர்ப்பாளரும் இருப்பர். ஒருவரின் விடைகள் மற்றவரின் விடைகளோடு வரிக்கு வரி ஒப்பிடப்பட்டன.

கேள்விகளைக் காண்போம். உங்கள் ஊரில் எத்தனை வீடுகள்? உங்கள் வீடு எத்தனையாவது வரிசையில் உள்ளது? கிணறு எத்திசையில் இருக்கிறது? அரிசிப் பெட்டி எங்கே வைக்கப்பட்டிருந்தது? மாமியாரின் பாதங்கள் கட்டப்பட்டவையா, இயல்பானவையா? இத்தகைய கேள்விகள் நூற்றுக்கணக்கில் நீள்வதும் உண்டு.

இங்கே அக்குடும்பங்களின் வாழ்நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். குவாங்டொங் மாநிலத்துச் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்த ஆடவர் பலர், மணமுடித்த சில மாதங்களிலேயே மீண்டும் அமெரிக்கா திரும்பியவர்கள். இடையில் பல ஆண்டுகள் மனைவியின் முகத்தைக் காணாதவர்கள். கணவனின் நினைவில் இருந்தது அவன் விட்டுச்சென்ற வீடு. மனைவி அறிந்ததோ, அதன்பின் அவள் வாழ்ந்த வீடு. இடையில் ஒரு சுவர் இடிந்திருக்கலாம். அரிசிப் பெட்டி இடம் மாறியிருக்கலாம். இருவரும் உண்மையே பேசினும் விடைகள் முரண்படும். முரண்பாடோ பொய்யின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. மறுக்கப்பட்டோர் வாஷிங்டனுக்கு மேல்முறையீடு செய்யலாம்; முடிவு வரும்வரை வாரங்களும் மாதங்களும் தீவிலேயே கழிந்தன.

கடலில் எறியப்பட்ட பாடநூல்கள்

ஆகவே குடும்பத்தின் வரலாற்றையும் ஊரின் அமைப்பையும் வினா விடையாக எழுதிய ஏடுகள் தோன்றின. கப்பலில் வருவோர் அவற்றை நெட்டுருச் செய்து, கரை நெருங்கும்போது கிழித்துக் கடலில் எறிந்துவிடுவர். விசாரணையின் நடுவே ஐயம் எழுந்தால், சான் பிரான்சிஸ்கோ சீனக் குடியிருப்பிலிருந்து தீவின் சமையற்கூடப் பணியாளர் வழியாகக் குறிப்புகள் வந்து சேர்ந்தன. நிலக்கடலைத் தோட்டுக்குள்ளும் அவை ஒளித்து வைக்கப்பட்டதுண்டு.

காகித மைந்தருக்கு மட்டுமன்றி, மெய்யான மனைவியருக்கும் இவ்வேடுகள் தேவைப்பட்டன என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அதிகாரிகளோ, விடைகள் முரண்பட்டால் பொய் என்றனர். மிகவும் ஒத்துப்போனால் பயிற்சி பெற்றவர் என ஐயுற்றனர். காகித மைந்தரை மணந்த பெண்ணின் நிலை இன்னும் கொடியது. கணவனின் மெய்யான பெற்றோரை மறைத்து, தான் கண்டேயிராத ஒரு குடும்பத்திற்கு மருமகளாக அவள் விடை சொல்ல வேண்டியிருந்தது.

எவ்வளவு தேர்ந்தாலும் பயனில்லாத காலமும் வந்தது. 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, அமெரிக்கக் குடிமகனாகிய சீனர்கூடச் சீனாவில் பிறந்த தம் மனைவியை அழைத்துவர இயலாது என 1925இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிகரின் மனைவி வரலாம் என அதே நாளில் அதே நீதிமன்றம் கூறியதையும் இங்கே சொல்ல வேண்டும். அச்சட்டத்திற்கு முன் மணந்தோர்க்கு 1930இல் விலக்குக் கிடைத்தது. விலக்குச் சட்டம் 1943இல் நீக்கப்பட்டது. குடிமக்களின் சீன மனைவியருக்கு எண்ணிக்கை வரம்பின்றிக் கதவு திறந்தது 1946இல்தான்.

கிணற்றுக்குப் பின் மனம்

ஏஞ்சல் தீவில் சோதிக்கப்பட்டது நினைவு. பின்னாளில் பிரிட்டன் கருத்தையே சோதிக்க முற்பட்டது. 1980களில் வலுப்பெற்ற ‘முதன்மை நோக்கம்’ என்னும் விதியின்படி, பிரிட்டனில் குடியேறுவது தம் மணத்தின் முதன்மை நோக்கம் அன்று என்பதை விண்ணப்பித்தவரே நிறுவ வேண்டும். அவ்விதியால் பெரிதும் அல்லலுற்றோர் இந்தியத் துணைக்கண்டத்து மணமகன்கள். மணமகள் புகுந்த வீடு செல்வதே உங்கள் வழக்கமாயிற்றே, நீர் மட்டும் ஏன் அவளிடம் செல்கிறீர் என அவர்கள் வினவப்பட்டனர். நம்மூரில் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று கேலி பேசுவோம். அங்கே அது மறுப்புக்குரிய காரணமே ஆயிற்று. மனைவியோடு இங்கிலாந்தில் வாழ விரும்புகிறேன் என்னும் நேர்மையான விடையே அவருக்கு எதிரான சான்றாகத் திரும்பக்கூடும். இவ்விதி 1997 ஜூனில் நீக்கப்பட்டது.

அமெரிக்காவிலும் பழைய முறை முற்றிலும் மறையவில்லை. ஐயத்திற்கு இடமான விண்ணப்பங்களில் கணவன் மனைவியரைத் தனித்தனியே வினவி விடைகளை ஒப்பிடும் நேர்காணலுக்கு, 1970களின் நியூயார்க் வழக்கொன்றை ஒட்டி ‘ஸ்டோக்ஸ் நேர்காணல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

போலி மணங்கள் உண்டு என்பதையோ, அவற்றைக் கண்டறிய அரசுக்கு உரிமை உண்டு என்பதையோ நாம் மறுக்கவில்லை. ஆயினும் நூறாண்டு அனுபவம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. பொய் சொல்ல வந்தவர் ஏட்டை முழுமையாகப் படித்து வருகிறார். வாழ்ந்தவருக்கோ அரிசிப் பெட்டி இருந்த இடம் மறந்துபோகிறது. ஒரே வீட்டில் வாழும் நம்முள் எத்தனை பேர், நம் வீட்டு மாடிப்படிகளின் எண்ணிக்கையைத் துணைவர் சொல்வது போலவே சொல்லிவிடுவோம்?

ஏஞ்சல் தீவின் நிர்வாகக் கட்டடம் 1940 ஆகஸ்டில் தீக்கிரையானது. பெண்கள் அடைக்கப்பட்டிருந்ததும் அக்கட்டடத்தில்தான். ஆடவர் விடுதிச் சுவர்களில் செதுக்கப்பட்ட கவிதைகள் 1970இல் வெளியுலகின் கவனத்திற்கு வந்து காப்பாற்றப்பட்டன. பெண்கள் ஏதேனும் எழுதியிருப்பின், அது தீயோடு போயிற்று. அவர்தம் குரல் எஞ்சியிருப்பது, சான் பிரான்சிஸ்கோவை அடுத்த சான் புருனோ தேசிய ஆவணக் காப்பகத்தின் விசாரணைக் கோப்புகளில். தம் மூதாதையர் ஊரைத் தேடும் பேரப்பிள்ளைகள் இன்று அக்கோப்புகளைத்தான் புரட்டுகின்றனர். ஊரில் எத்தனை வீடுகள், கிணறு எத்திசையில் இருந்தது என்பவற்றை, அன்று அஞ்சி அஞ்சிப் பாட்டி சொன்ன விடைகளிலிருந்தே அறிந்துகொள்கின்றனர்.